உம்மம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

போரும் பிரிவும் வறுமையும் காயப்படுத்திய பிள்ளைகளை எங்கே வைத்து ஆற்றுவது? பாலாவியிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

தலவில திருவிழாவுக்குப் போய் வந்தவர்களுக்குப் பாலாவிச் சந்தியைத் தெரிந்திருக்கும். கொழும்பு–புத்தளம் வீதியை விட்டுக் கற்பிட்டிக்குத் திரும்புவது அங்கேதான். சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரத நிலையம், வெயிலில் கண் கூசும் உப்பளங்கள், அவற்றுக்கு அப்பால் களப்பு. (மன்னாரில் திருக்கேதீச்சரத்தை ஒட்டியும் ஒரு பாலாவி உண்டு, அது தீர்த்தக் குளம். நாம் பேசுவது புத்தளத்துப் பாலாவியைப் பற்றி.)

1990 ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இந்தப் பக்கத்துக்கு இரண்டு திசைகளிலிருந்து சனம் வந்து சேர்ந்தது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாட்கள் அவை. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் மாரிக் கடலில் வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். மற்றவர்கள் வவுனியா பக்கமாகத் தரைவழியே வந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். முதலில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. உள்ளூர் வீடுகள் சமைத்து அனுப்பின. பிறகு தென்னந்தோட்டங்களுக்கு இடையே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று போட்ட கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. நாகவில்லில் இன்றைக்கும் ஒரு பாடசாலை, மன்னாரிலுள்ள எருக்கலம்பிட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இழந்த காணி, வீடு, நகை, வாக்கு பற்றியெல்லாம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 2011இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அரசியல் வாதங்களுக்கோ இன்னும் முடிவில்லை. பிள்ளைகளைப் பற்றி மட்டும் நாம் பேசியது குறைவு. உம்மாவின் காதுத்தோட்டை ஆயுதம் ஏந்திய ஒருவர் கழற்றச் சொன்னதை ஏழு வயதில் பார்த்தவருக்கு இன்று வயது நாற்பதுக்கு மேல். அந்த ஏழு வயதை யார் கவனித்தார்கள்?

பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். வாப்பா ஒரு பக்கம் வேலை தேடிப் போனால் பிள்ளை பெரியும்மாவோடு. உம்மா இறந்துபோனால் உம்மம்மாவோடு. யாருமே இல்லாவிட்டால் அதே ஊரிலிருந்து வந்த பக்கத்துக் கொட்டிலோடு. எந்த நீதிமன்றமும் கட்டளை போடவில்லை, எந்தத் திணைக்களமும் பதிவு செய்யவில்லை. முகாம் வாழ்க்கையின் எல்லாக் கேடுகளுக்கும் நடுவே ஒன்று மிஞ்சியிருந்தது: பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், ஊரின் பெயர் மூன்றும் தெரிந்த பெரியவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு உளவியல் நூல்களில் உறவுமுறைப் பராமரிப்பு என்று பெயர். நம்முடைய பராமரிப்புக் கொள்கை இந்தப் பெரியவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. நடைமுறையில் அது பெரும்பாலும் தொடங்குவது சிறுவர் இல்லத்தின் வாசலில்.

அநாதை இல்லங்களில் இருப்பவர்கள்

சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கை ஒன்று, சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சொன்னது. இலங்கையைப் பற்றி அதில் இருந்த கணக்கு இன்னும் கூர்மையானது: தனியார் இல்லங்களில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்குப் பெற்றோரில் ஒருவரோ இருவருமோ இருந்தார்கள். 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வறுமையின் காரணமாகச் சேர்க்கப்பட்டவர்கள்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சாப்பாடும் சீருடையும் கொடுக்க வீட்டில் வழியில்லை. அதற்கு நாம் கண்ட தீர்வு, சாப்பாட்டையும் சீருடையையும் வேறொரு கட்டடத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையை அங்கே வரச்சொல்வது. கட்டடத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார். வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாம், பிறந்தநாளில் போய்ச் சோறு பரிமாறிப் படம் எடுக்கலாம். ஓர் உம்மம்மாவின் வீட்டுக்கு மாதா மாதம் பணம் அனுப்புவதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. தருமம் செய்ய விரும்புகிறவர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. மாகொல போன்ற முஸ்லிம் அநாதை நிலையங்களும், தேவாலயங்கள் நடத்தும் இல்லங்களும் படிக்கவைத்து ஆளாக்கிய பிள்ளைகள் ஏராளம். ஆனால் எத்தீம்களுக்கென்று, அதாவது அநாதைப் பிள்ளைகளுக்கென்று, கொடுக்கும் பணம், பிள்ளை வீட்டை விட்டு வெளியேறினால்தான் பிள்ளைக்குச் சேரும் என்ற ஏற்பாட்டில் ஏதோ பிசகு இருக்கிறது.

இல்லத்தில் வளர்வதால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ருமேனியா ஒரு பதில் வைத்திருக்கிறது. பிறப்பைப் பெருக்கவென்று 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்த சௌசெஸ்குவின் ஆட்சி 1989 டிசெம்பரில் கவிழ்ந்தபோது, அரசு இல்லங்களில் பிள்ளைகள் கட்டில் கட்டிலாகக் கிடந்தார்கள். சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபொக்ஸ், சார்ல்ஸ் சீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப்பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். அந்நகரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அப்போது அரிது என்பதால் 56 வீடுகளைத் தேடித் தயார்செய்ய வேண்டியிருந்தது. 2007இல் சயன்ஸ் இதழில் வந்த முடிவு இது: நாலரை வயதில் இல்லப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு சராசரி 73, வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுடையது 81, பெற்ற வீட்டிலேயே வளர்ந்த அயல் பிள்ளைகளுடையது 109. இரண்டு வயதுக்கு முன் வீட்டுக்குப் போன பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்கள்.

குலுக்கல் போட்டுச் சில பிள்ளைகளை இல்லத்திலேயே விட்டுவைத்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் உறுத்தல் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையில் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது அதைவிடக் கேவலம்.

இல்லம் கெடுதல் செய்வது கொடுமையான பணியாளர்களால் மட்டுமில்லை. எட்டு மணித்தியால முறைமாற்றம் போதும். காலையில் பல் துலக்கிவிட்டவர் மாலையில் இல்லை. இரவில் பயந்து எழுந்தால் வருகிறவர் வேறு ஒருவர். போன வருடம் மடியில் வைத்துக்கொண்டவர் கலியாணம் முடித்துப் போய்விட்டார். பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. யாரிடமும் ஒட்டாமல் இருக்கப் பழகும். இல்லாவிட்டால் வாசலில் வரும் எந்த அந்நியரின் கையையும் பிடித்துக்கொள்ளும். நன்கொடையாளர்கள் இந்த இரண்டாவதைப் பார்த்து, ‘எவ்வளவு பாசமான பிள்ளை’ என்று நெகிழ்ந்து போவார்கள். அதைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

இதை முதலில் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அனா. இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது டொரதி பேர்லிங்ஹாமுடன் சேர்ந்து ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிள்ளைகளுக்கான தங்குமிடங்களை அவர் நடத்தினார். தாயோடு இருந்துகொண்டு குண்டுச் சத்தம் கேட்ட பிள்ளைகளைவிட, பாதுகாப்பான ஊருக்குத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் அதிகம் உடைந்திருப்பதை அங்கே கண்டார்கள். தங்கள் நிலையத்திலேயே பிள்ளைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் வளர்வதைக் கவனித்து, ஏற்பாட்டை மாற்றினார்கள்: நாலைந்து பிள்ளைகளுக்கு நிலையாக ஒரே பராமரிப்பாளர். உடனே என்ன நடந்தது தெரியுமா? நிலையம் அல்லோலகல்லோலப்பட்டது. அதுவரை அமைதியாக இருந்த பிள்ளைகள் அழுதார்கள், பொறாமைப்பட்டார்கள், ‘என் ஆள்’ என்று அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சும் பழக்கங்களும் வேகமாக வளர்ந்தன. அமைதியான இல்லம் நல்ல இல்லம் என்று நினைக்கும் நம் ஊர் நிர்வாகக் குழுக்கள் இதைப் படிக்க வேண்டும்.

சொந்த வீடும் சொர்க்கமில்லை

இங்கே எதிர்க்கட்சியும் பேச வேண்டும். உறவினர் வீடு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது திருமண வீட்டில் பேசுவதற்கு நன்றாக இருக்கும். வட-கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்தில் மூன்று பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது போருக்கும் ஆழிப்பேரலைக்கும் பக்கத்தில் குடும்ப வன்முறை நின்றது. போரை அதிகம் அனுபவித்த வீட்டில், தகப்பன் குடிக்கும் வீட்டில், பிள்ளை அதிகம் அடிவாங்கியது. அதாவது வெளியே நடந்த வன்முறை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து நீண்ட காலமாக எழுதிவருவதும் இதைத்தான்: காயப்பட்டது தனித்தனி மனங்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன.

புத்தளம் கரையில் இன்று பிரிவுக்கு இன்னொரு முகம் உண்டு. வேலைக்கென்று வளைகுடா நாடுகளுக்குப் போகும் தாய்மார். பிள்ளை உம்மம்மாவிடம், பணம் மாதக் கடைசியில், முகம் தொலைபேசித் திரையில். 2013இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பெண்கள் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போவதைத் தடுத்துக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. பொருளாதாரம் விழுந்த 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் வேண்டியிருந்தால் பிள்ளையின் தேவை மூன்று வருடம் சுருங்கிவிடும் போலும். தடைபோட்ட நாளிலும் சரி, தளர்த்திய நாளிலும் சரி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அந்த உம்மம்மாவுக்கு என்ன உதவி என்ற கேள்வி மேசைக்கு வரவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும். முழங்கால் வலி இருக்கும். இரவில் படுக்கையை நனைக்கும் எட்டு வயதுப் பேரனை ஏன் அடிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

காயப்பட்ட பிள்ளை எப்போதும் அழுதுகொண்டிருப்பதில்லை. அது தலையணைக்கு அடியில் பாணை ஒளித்துவைக்கும். கூப்பிட்டால் திரும்பாது. சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடும். வயிற்றுவலி என்று சொல்லிப் பாடசாலைக்குப் போகாது. இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ கவனித்த ஒரு விடயம் இங்கே முக்கியம். மேற்குநாட்டுக் கேள்விக்கொத்துகள் துன்பத்தை மனதுக்குள் தேடுகின்றன. இந்நாட்டு மக்களோ துன்பத்தை உடல்வலியாகவும், உறவுகளில் விழுந்த ஓட்டையாகவும் சொல்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு விமானம் ஏறி வந்த ஆற்றுப்படுத்துநர் கூட்டத்தில் பலருக்கு இது பிடிபடவில்லை.

எப்போது தங்கவைக்க வேண்டும்?

சில பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே துஷ்பிரயோகம் நடந்திருந்தால், பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டால், உறவினர் யாருமே பாதுகாப்பில்லை என்றால், ஒரு நிலையம் வேண்டும். ஆனால் அது பூட்டிய விடுதியாக இல்லாமல் சிகிச்சை நடக்கும் இடமாக, சிறியதாக, முடியும் நாள் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

முடியும் நாள் தெரிந்த தங்குமிடத்துக்கு நம் நாட்டிலேயே, விவாதத்துக்குரிய ஓர் உதாரணம் உண்டு. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது சரணடைந்தவர்களில் 594 பேர் பதினெட்டு வயதுக்குக் குறைந்த முன்னாள் போராளிகள் என்று பதிவானார்கள். அம்பேபுஸ்ஸவிலும் வவுனியா பூந்தோட்டத்திலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். படைத்துறையின் நிழலில் நடந்த புனர்வாழ்வு அது. அந்த நிழலின் எல்லாக் குறைகளும் அதற்கு இருந்தன. ஆனாலும் ஒரு வருடத்துக்குள் அவர்கள் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டார்கள். ஆயுதம் ஏந்திய பிள்ளைக்கு ஒரு வருடம் போதும் என்று கண்ட அதே அரசின் கண்காணிப்பில், ஏழையாய்ப் பிறந்த பிள்ளை பத்து வருடம் இல்லத்தில் இருக்கிறது.

தங்கவைக்காமலே ஆற்றுவதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் திறந்த வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா அவற்றில் ஒன்று. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதைத் தொடக்கியவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் ஒன்றாக வந்து, களிமண்ணிலும் கதையிலும் கூத்திலும் பகலைக் கழித்து, மாலையில் வீட்டுக்குப் போவார்கள். அவர்களின் ஊர்கள் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது. நோயின் பெயர் சொல்லி எந்தப் பிள்ளையும் அங்கே அழைக்கப்படவில்லை.

இன்னொன்று இதைவிடச் சிறியது. ஆழிப்பேரலை நடந்து சில வாரங்களுக்குள் வட-கிழக்கு முகாம் ஒன்றில் மனவடுவின் அறிகுறிகள் இருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்சிபெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழுவுக்குக் கதைசொல் சிகிச்சை: தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கையாக விரித்து, நல்ல நாட்களுக்குப் பூவும் கெட்ட நாட்களுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லின் கதையையும் முழுதாகச் சொல்லவைப்பது. மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் நோய் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். 31 என்பது சின்ன எண்ணிக்கை. சிகிச்சை இல்லாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. காலமே சிலரை ஆற்றியிருக்கலாம். இருந்தாலும், கட்டில் போட்ட நிலையம் இல்லாமலே உள்ளூர் ஆட்களைக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரிந்தது.

சட்டம் இருக்கிறது

வீட்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரானாலும் அல்லாவிட்டாலும் ‘தகுதியான ஆள்’ ஒருவரிடம் ஒப்படைக்க நீதவானுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு, பிள்ளைகள் கடத்தப்படலாம் என்ற அச்சத்தில் தத்தெடுப்பை நிறுத்திவைத்த அரசாங்கம், 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தில் வளர்ப்புப் பெற்றோருக்கான ஒழுங்கை எழுதியது. தாயும் தகப்பனும் இறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை உறவினர்களே எடுத்துக்கொண்டார்கள். 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. இல்லம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் பிள்ளைக்குப் புதிய பெற்றோரையும் சொத்துரிமையையும் கொடுக்கிறது. மார்க்கமோ வளர்க்கும் பிள்ளையைப் பெற்ற வாப்பாவின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. வளர்ப்புப் பராமரிப்பில் இந்தச் சிக்கல் இல்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, பெயரை மாற்றாமல் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் இஸ்லாமிய முறையான கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. நபிகளாரே முதலில் பாட்டனாரிடமும் பிறகு பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தவர். பாலாவிப் பள்ளிவாசல்களில் ஒரு வெள்ளிக்கிழமை பிரசங்கம் இதைப் பற்றி இருந்தால், கொழும்பில் நடக்கும் பத்துக் கருத்தரங்குகளைவிட அதற்குப் பலன் அதிகம்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2025 செப்டெம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைக்கு உறவினர் வீட்டிலிருந்தபடியே மாதம் 2,000 இந்திய ரூபாய் கிடைக்கிறது. தொகை சிறிது, திசை சரி. நம் நாட்டிலும் கொடையாளர்களை நம்பிய செவன சரண என்ற உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆனால் கொடையாளர் மனம்வைத்தால் கிடைக்கும் உதவி வேறு, பிள்ளைக்கு உரிமையாக வரும் கொடுப்பனவு வேறு. இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் ஆகும் செலவைச் சம்பளம், மின்சாரம், கட்டடம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, அதில் பாதியையாவது பிள்ளையை எடுத்துக்கொள்ளும் சாச்சியிடமோ உம்மம்மாவிடமோ கொடுக்க முடியுமா என்று மாகாண சபையின் கணக்காளர் பார்க்கட்டும்.

காசுக்காகப் பிள்ளையை எடுத்து வேலைக்காரியாக வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். வைத்துக்கொள்வார்கள்தான். நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கு அது புதிய பழக்கமும் இல்லை. ஆகவேதான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஆள் வேண்டும். அந்த வேலை நன்னடத்தை அதிகாரியுடையது. நன்னடத்தை மாகாண விடயம் என்பதால் புத்தளத்துப் பிள்ளையின் கோப்பு குருநாகலைத் தலைநகராகக் கொண்ட வடமேல் மாகாணத்துக்குக் கீழே வருகிறது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். பாலாவிப் பிள்ளையோ தமிழில்தான் கனவு காண்கிறது. அது தன் மாமாவைப் பற்றி வாய் திறந்து சொல்லும் ஒரேயொரு வாக்கியம் பொலிஸில் ஒரு முறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒரு முறை, அறிக்கையில் ஒரு முறை என்று மொழிமாறி நீதவானிடம் போய்ச் சேர்கிறது. எந்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவது என்ற முடிவு அந்த வாக்கியத்தில்தான் தொங்குகிறது.

எனவே புதிய இல்லம் கட்ட யாராவது காணி தேடி இந்தப் பக்கம் வந்தால், அவர்களிடம் கேட்பதற்கு ஒரு பட்டியல் தயாராக இருக்கட்டும். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு பிரதேசச் செயலகங்களுக்குத் தமிழில் பேசும் நன்னடத்தை அதிகாரிகளும் உளவளத்துணையாளர்களும். அவர்கள் மணல் ஒழுங்கைகளுக்குள் போய்வர மோட்டார் சைக்கிளும் எரிபொருளும். தகுதியான ஆளாக நியமிக்கப்படும் ஒவ்வோர் உறவினருக்கும் மாதக் கொடுப்பனவு. மாலையில் வீட்டுக்குத் திரும்பும்படி பிள்ளைகளுக்கு ஒரு பகல் நிலையம். இவ்வளவுக்கும் பிறகு வீடு கிடைக்காத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். பத்துக் கட்டிலுக்கு மேல் இல்லாத ஓர் இல்லத்தை அவர்களுக்காகக் கட்டலாம்.